வாணி விழாவும் மறக்காத எலிகளும்

உங்கள் வரவேற்புக் கூட்டத்தில் என்னை "நினைவாற்றல் ஆய்வின் முன்னோடி" என்று அறிமுகப்படுத்தினார்கள். சந்தோசம். அறிமுகப்படுத்திய தம்பி அடுத்த வசனத்திலேயே என் பெயரை மறந்துபோய்த் தாளைத் தேடினார். துறைக்குப் பொருத்தமான ஆட்கள்தான் வந்து சேர்ந்திருக்கிறீர்கள் என்று அப்போதே எனக்குத் திருப்தியாகிவிட்டது. திணைக்களத்துக்குப் புதிதாக வந்த மாணவர்களுக்கு ஆலோசனை சொல்லுங்கள் என்று கேட்டார்கள். என்னிடம் ஆலோசனை இல்லை. ஓய்வுபெற்ற பெண்ணிடம் கதைதான் இருக்கும். அதுவும் என் வாய் கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் தொழிலைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உங்களுக்குத் தெரியும், ஆனால் உங்கள் வீட்டில் யாராவது இதை எடுத்து வாசித்தால் அவர்களுக்கும் விளங்கவேண்டுமே. புரதக் கைனேஸ் என்பது ஒரு நொதியம். இன்னொரு புரதத்தைப் பிடித்து அதன்மேல் பொசுபேற்று என்ற சிறு இரசாயனத் துண்டு ஒன்றை ஒட்டிவிடும். அவ்வளவுதான் அதன் உத்தியோகம். ஆனால் ஒட்டுப்பட்ட புரதத்தின் குணம் மாறிவிடும். ஊரில் சும்மா திரிந்த மனிதருக்குக் கோயிலை நிர்வகிக்கிற வண்ணக்கர் பதவி கிடைத்ததும் நடையும் பேச்சும் மாறுவதில்லையா, அதே சங்கதிதான். நாம் எதையாவது கற்கும்போது மூளையில் நரம்புக் கலங்கள் ஒன்றையொன்று தொடும் இடங்களில் இந்த ஒட்டுவேலை மும்முரமாக நடக்கிறது. சில கைனேஸ்கள் வேலை முடிந்ததும் அடங்கிவிடும். சில அடங்காது, கிளப்பிவிட்ட சமிக்ஞை போனபிறகும் தம்பாட்டில் இயங்கிக்கொண்டே இருக்கும். பதவி போனபின்னும் பெயர்ப்பலகையைக் கழற்றாதவர்கள் அவர்கள். முந்தநாள் படித்தது இன்றைக்கும் நினைவில் நிற்பதற்கு இந்த அடங்காத இனம்தான் காரணமோ என்பது பெரிய கேள்வி. இன்றைக்கும் முழுதாகத் தீரவில்லை.

அந்தக் கேள்வியை மட்டக்களப்பு வாவிக்கரையில் இருந்துகொண்டு தீர்த்துவிடலாம் என்று எங்கள் பேராசிரியர் நம்பினார். நான் அப்போது அவருக்குக் கீழே விரிவுரையாளர். அவருடைய பெயரைச் சொல்லமாட்டேன். அவர் உயிரோடும் நல்ல செவிப்புலனோடும் இருக்கிறார்.

பரிசோதனை எளிது. பெரிய வட்டத் தொட்டி. உள்ளே கலங்கல் தண்ணீர். தண்ணீர் மட்டத்துக்குச் சற்றுக் கீழே, கண்ணுக்குத் தெரியாமல் ஒரு சிறு மேடை. எலியை இறக்கிவிட்டால் நீந்தி நீந்தி அந்த மேடையைக் கண்டுபிடிக்கும். தொட்டியைச் சுற்றி ஒரு கறுப்புத் திரை. திரையின் ஒரு பக்கத்தில் மட்டையில் வெட்டி ஒட்டிய வெள்ளை வட்டம், நேர் எதிர்ப்பக்கத்தில் வெள்ளை முக்கோணம். இரண்டையும் பார்த்துப் பார்த்து எலி இடத்தைப் படித்துக்கொள்ளும். நன்றாகப் படித்தபின் மேடையை எடுத்துவிட்டு எலியை இறக்குவோம். நினைவுள்ள எலி நேரே அந்த இடத்துக்குப் போய் "இஞ்சதானே கிடந்தது" என்பதுபோல் அங்கேயே சுற்றும். இப்போது அந்த அடங்காத கைனேஸை அடக்குகிற மருந்தை எலியின் மூளையில் ஏற்றினால்? நினைவைப் பிடித்துவைத்திருப்பது அந்தக் கைனேஸ்தான் என்றால் எலி இடத்தை மறக்கவேண்டும். ஒப்பிடுவதற்கு வெறும் உப்புநீர் ஏற்றிய எலிக் கூட்டம் ஒன்றும் உண்டு.

தண்ணீரைக் கலக்கப் பால்மா கரைப்பதுதான் வழக்கம். அது நாடு முழுக்கப் பெற்றோலுக்கும் காஸுக்கும் பால்மாவுக்கும் வரிசையில் நின்ற வருடம். அந்த நேரம் எலி குளிக்கப் பால்மா கரைத்திருந்தால் எங்களுக்கு வெளியில் அடி விழுந்திருக்கும். பள்ளிக்கூடப் பிள்ளைகள் படத்துக்குப் பூசுகிற நஞ்சில்லாத வெள்ளை வர்ணத்தை ஊற்றிச் சமாளித்தோம்.

இந்த வேலையைச் செய்தவள் நிரோஜினி. மாங்கேணிப் பிள்ளை. தாய் கருவாடு காயவைத்து விற்று இவளைப் படிப்பித்தவ. எங்கள் திணைக்களத்தில் தற்காலிக உதவி விரிவுரையாளர். அந்தத் தற்காலிகமும் வருட முடிவோடு சரி. நிரந்தரப் பதவி ஒன்றே ஒன்று வரவிருந்தது. நேர்முகப் பரீட்சையில் முதல் கேள்வியே "எத்தனை கட்டுரை வந்திருக்கு?" என்பதுதான். அவளிடம் ஒன்றும் இல்லை. ஆகக் கணக்கு இதுதான்: எலிகள் மறந்தால் கட்டுரை வரும், கட்டுரை வந்தால் வேலை வரும். எலிகள் மறக்காவிட்டால் நிரோஜினி மாங்கேணிக்குப் பஸ் ஏறவேண்டியதுதான். ஒரு பிள்ளையின் எதிர்காலம் எலியின் மறதியில் தொங்குவதை நீங்கள் வேறெந்தத் தொழிலிலும் பார்க்கமாட்டீர்கள்.

உப்புநீர் எலிகளைச் சோதித்து முடித்தோம். எல்லாம் நேரே சரியான இடத்துக்குப் போயின. கூடவே படித்து முடித்திருந்த மருந்து எலிகளையும் அதே நாளில் சோதித்திருக்கவேண்டும். இதைத் தடித்த எழுத்தில் எழுதி உங்கள் கட்டில்தலைமாட்டில் ஒட்டிக்கொள்ளுங்கள். ஆனால் மருந்து கொழும்பில் கூரியர்காரரிடம் மாட்டிக்கொண்டது. அது வந்துசேருவதற்குள் நவராத்திரி வந்துவிட்டது.

நவராத்திரிக்குத் திணைக்களத்தில் வாணி விழா வைக்காமல் விடமுடியுமா? கல்வித் தெய்வத்துக்கே கோபம் வந்தால் பிறகு எந்தக் கைனேஸை நம்புவது? பெரிய அறை எங்களிடம் ஒன்றுதான், தொட்டி இருந்த அறை. தொட்டியின் மேல் பலகை போட்டு, பட்டு விரித்து, கொலு வைத்தோம். நுணுக்குக்காட்டிகளுக்குச் சந்தனப் பொட்டு வைத்தோம். எலி நீந்திய தண்ணீரின் மேல் கலைமகள் எழுந்தருளினாள். தோரணம் கட்டியது எங்கள் ஆய்வுகூட உதவியாளர் யோசேப்பண்ணன். ஞாயிறு தவறாமல் மெதடிஸ்த தேவாலயத்துக்குப் போகிற மனிதர். ஆனால் வாணி விழாத் தோரணத்தை வேறு யாரும் தொட விடமாட்டார்.

பேராசிரியர் வந்து பார்த்தார். முகம் சுருங்கிவிட்டது.

"சரஸ்வதிக்குப் பின்னால கறுப்புத் துணியா? இதென்ன செத்த வீடா? கழட்டுங்க யோசேப்பு."

"கழட்டுறன் சேர்."

கழற்றினார். விழா அமோகமாக நடந்தது. அவலும் கடலையும் தின்றுவிட்டு எல்லோரும் போனோம். நிரோஜினி பூசைக்கென்று முதல் நாளே ஊருக்குப் போயிருந்தாள். யோசேப்பண்ணன் திரையை மடித்துவைத்து, பிறகு நேரம் எடுத்து ஆறுதலாக மாட்டிவிட்டார்.

அடுத்த கிழமை மருந்தும் வந்தது. எலிகளுக்கு ஏற்றினோம். மேடையை எடுத்துவிட்டு இறக்கினோம். சரியான இடத்துக்கு ஒரு எலிகூடப் போகவில்லை! மேடை இருந்த காற்பங்கில் எலி எவ்வளவு நேரம் நீந்தியது என்று கணினி கணக்குப் போடும். ஒவ்வொன்றுக்கும் ஏறத்தாழ ஒன்றுமில்லை என்றே வந்தது. பேராசிரியர் கதிரையிலிருந்து துள்ளி எழும்பினார். "அழிஞ்சிட்டு! ஞாபகம் அப்பிடியே அழிஞ்சிட்டு!" அவருடைய வாழ்க்கையில் அதைவிடச் சந்தோசமாக யாருடைய மறதியையும் அவர் கொண்டாடியதில்லை. உடனே ரோல்ஸும் தேநீரும் வந்தன. அடுத்து வரவிருந்த பல்கலைக்கழக ஆய்வரங்கில் தானே இதை அறிவிப்பதாகச் சொல்லி, உபவேந்தருக்கும் தொலைபேசி எடுத்துவிட்டார். நிரோஜினி வெளியே போய்த் தாயோடு தொலைபேசியில் பேசினாள். "ஓம்மா, சரி வந்திட்டும்மா" என்று அவள் சொன்னது எனக்குக் கேட்டது. எனக்கும் நெஞ்சு நிறைந்துவிட்டது, பொய் சொல்லமாட்டேன்.

ஆய்வரங்குக்கு இரண்டு நாள் இருக்கும்போது அவள் என் மேசைக்கு வந்தாள். கையில் ஒரு கட்டுத் தாள்.

"மெடம், ஒள்ளுப்பம் இதப் பாருங்க."

கமரா பிடித்த எலிகளின் நீச்சல் பாதைகள். ஒவ்வொரு எலியும் போன வழி கோடாக விழுந்திருந்தது.

"பாத்தன். நல்லாத்தானே மறந்திருக்கு," என்றேன்.

"மறந்த எலி எல்லா இடமும் தேடும் மெடம். அங்கால போகும், இஞ்சால போகும். இதுகள் தேடவே இல்ல. நேரா ஒரே இடத்துக்குப் போய் அங்கயே சுத்துதுகள். எல்லாம் ஒரே இடத்துக்கு."

"எந்த இடம்?"

"நேர் எதிர்ப்பக்கம்."

எலிகள் எல்லாம் கூடிப்பேசி முடிவெடுத்து எதிர்ப்பக்கம் போகுமா? இருவரும் தொட்டி அறைக்கு ஓடினோம். திரை அதுபாட்டில் தொங்கியது. வட்டம் ஒரு பக்கம், முக்கோணம் ஒரு பக்கம். விழாவுக்கு அதைக் கழற்றி மாட்டியதை அப்போதுதான் அவளுக்குச் சொன்னேன். திரையைச் சுற்றி மாட்டும்போது தலைமாறிப் போயிருந்தால் வட்டம் முக்கோணத்தின் இடத்துக்கும் முக்கோணம் வட்டத்தின் இடத்துக்கும் போயிருக்கும். அப்படியென்றால் எலிகள் ஒன்றையும் மறக்கவில்லை. படித்ததை அச்சொட்டாக நினைவு வைத்து நீந்தியிருக்கின்றன. உலகத்தைத் திருப்பி மாட்டியவர்கள் நாங்கள்.

சரி, வட்டம் முன்பு எந்தப் பக்கம் இருந்தது? ஒரு நினைவாற்றல் ஆய்வுகூடத்தில் இதற்குப் பதில் சொல்ல ஆளா இல்லை! நான் யன்னல் பக்கம் என்று அடித்துச் சொன்னேன். நிரோஜினி கதவுப் பக்கம் என்றாள், பிறகு யோசித்துவிட்டுத் தெரியாது என்றாள். அங்கே ஒழுங்காகப் பேசியவள் அவள் ஒருத்திதான். யோசேப்பண்ணனைக் கூப்பிட்டோம்.

"கழட்டின மாதிரியேதான் மாட்டின நான். என்ட புள்ளைகள் மேல சத்தியம் மெடம்."

பேராசிரியரிடம் போனோம். அவர் இன்னும் ஒரு படி மேலே போனார்.

"திரையா? திரையக் கழட்டவே இல்லயே. கழட்ட நான் விட்டிருப்பனா?"

யாரும் பொய் சொல்லவில்லை, பிள்ளைகளே. அதுதான் பயங்கரம். விழாவில் நின்ற எங்கள் மூன்று பேருடைய மூளையிலும் கைனேஸ்கள் இராப்பகலாகப் பொசுபேற்று ஒட்டி, ஆளுக்கொரு வாணி விழாவை உறுதியாகக் கட்டிவைத்திருந்தன. கடைசியில் சாட்சிக்கு எலிகளைத்தான் கூப்பிடவேண்டியிருந்தது. அதற்கு வழியும் இருந்தது. திரையைத் திருப்பி மாட்டிவிட்டு, அதே மருந்து எலிகளை மறுபடி இறக்கவேண்டும். நினைவு உண்மையிலேயே அழிந்திருந்தால் அவை திசை தெரியாமல் அலையும். அழியாவிட்டால் நேரே மேடை இருந்த இடத்துக்குப் போகும்.

பேராசிரியர் இதைக் கேட்டுக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"நாளண்டைக்கு ஆய்வரங்கு. உபவேந்தர் வாறார். இப்ப போய் எலியிட்ட விசாரணை வைக்கப் போறீங்களா? துருவித் துருவிப் பாத்தா ஆர்ர ஆய்விலதான் ஓட்டை இல்ல? முடியட்டும். மறுகா ஆறுதலாப் பாப்பம்."

"மறுகா எண்டா எப்ப சேர்?" என்று நான் கேட்டேன்.

"கட்டுரை வந்த பிறகு," என்றார். சொல்லிவிட்டு அவரே வேறு பக்கம் பார்த்தார்.

வெளியே வந்ததும் நான் நிரோஜினியைப் பிடித்து நிறுத்தினேன். இந்த இடத்தில் பெரிய தத்துவம் ஒன்றும் எனக்கு வரவில்லை. உள்ளதைச் சொன்னேன்.

"இஞ்ச பார் புள்ள. இறக்கிப் பாத்தா உன்ட வேலை போகலாம். பாக்காம விட்டா ஆருக்கும் தெரியப்போறதில்ல. நான் வாய் திறக்கமாட்டன். தொட்டி அறைப் பூட்டுத் திறப்பு என்னட்டத்தான் இரிக்கி. நீ என்ன சொல்லுற?"

அவள் கையிலிருந்த நீச்சல் பாதைத் தாள்களை மடித்தாள்.

"பாக்காம விட்டா எனக்கு நித்திரை வராது மெடம். பாத்தாலும் வராதுதான். பாத்திட்டு முழிச்சிருக்கிறன்."

திறப்பை எடுத்துக்கொடுத்தேன். பேராசிரியருக்குச் சொல்லவில்லை. அவருக்குச் செவிப்புலன் நல்லது என்றேனே, அடுத்த அறைதான் அவருடையது. கதவைத் திறந்து வந்து தடுக்கவும் இல்லை.

யோசேப்பண்ணன் முணுமுணுத்துக்கொண்டே திரையை மாற்றி மாட்டினார். நிரோஜினி முதல் எலியைக் கையில் எடுத்தாள். கொழுத்த, சோம்பேறி எலி. படிக்கும் காலத்திலேயே மேடையைக் கண்டுபிடிக்க மற்றவற்றைவிட நேரம் எடுத்தது. இவனாவது மறந்திருப்பான் என்று எனக்கு ஒரு நப்பாசை. எலி மடையனாக இருக்கவேண்டும் என்று மாமாங்கேசுரரை வேண்டிய ஒரே விஞ்ஞானி நானாகத்தான் இருப்பேன். அவள் எலியைத் தண்ணீரில் விட்டாள்.

எலி ஒரு தரம் தலையைத் தூக்கி வட்டத்தைப் பார்த்தது. மறுபக்கம் கிறுகி முக்கோணத்தைப் பார்த்தது. "போகாத, போகாத" என்று ஒரு குரல் கேட்டது. அவள் சொன்னாளா, நான் சொன்னேனா, இன்றைக்கும் தெரியாது. எலி நேரே போனது. கொஞ்சமும் தடுமாறாமல் மேடை இருந்த இடத்துக்கே போய் அங்கேயே சுற்றத் தொடங்கியது. இரண்டாவது எலியும் அங்கேயே போனது. மற்றவையும் அப்படித்தான். மருந்து எலிகள் உப்புநீர் எலிகளைப் போலவே திறமாக நினைவு வைத்திருந்தன. மருந்து கைனேஸை அடக்கவே இல்லை என்றுதான் நான் நினைக்கிறேன். கொழும்பு வெயிலில் அது எப்போதோ செத்துப்போயிருக்கவேண்டும். பெட்டி வந்தபோது உள்ளே ஐஸ் இருந்ததா என்று நாங்கள் ஒருவரும் பார்க்கவில்லை.

"அறுவான்ட எலி! இம்புட்டு ஞாபகம் என்னத்துக்கு இதுகளுக்கு?" என்றார் யோசேப்பண்ணன். "நான்தான் மிஸ் உங்கட வேலையக் கெடுத்துப்போட்டன்."

"இல்லண்ண. துணியிட ரெண்டு தலைப்பும் ஒரே மாதிரித்தானே. எது எந்தப் பக்கம் எண்டு அடையாளம் வைக்காதது நான்," என்றாள் நிரோஜினி. சொல்லிவிட்டுத் தொட்டியோரம் குந்தியிருந்து அழுதாள். நானும் அழுதேன். எனக்குக் கோபம் வந்தாலும் அழுகைதான் வரும். ஆர் மேல் கோபம் என்றுதான் தெரியவில்லை.

பிறகு அவள் முகம் கழுவிக்கொண்டு போய்ப் பேராசிரியரின் கதவைத் தட்டினாள். உள்ளே சத்தம் வரும் என்று எதிர்பார்த்தேன். ஒன்றும் வரவில்லை. ஆய்வரங்கில் அவர் தலைப்பை மாற்றி, தேசிய அபிவிருத்தியில் உயிரியலின் பங்கு பற்றிப் பேசினார். அந்தத் தலைப்பில் யாரும் ஒருபோதும் பிழை கண்டுபிடித்ததில்லை. உபவேந்தர் கை தட்டினார்.

நேர்முகப் பரீட்சைக் குழுவில் திணைக்களத்தின் சார்பில் நானும் இருந்தேன். பேராசிரியரும் இருந்தார். "இவ்வளவு காலமும் என்ன கண்டுபிடிச்சீங்க?" என்று நிரோஜினியைக் கேட்டார்கள். "எலிகள் மறக்கல்ல எண்டு கண்டுபிடிச்சன்," என்றாள். யாரோ சிரித்தார்கள். நான் விளக்கப் பார்த்தேன், நேரமில்லை என்றார்கள். மூன்று கட்டுரை வைத்திருந்த ஒரு தம்பிக்கு வேலை கிடைத்தது. அந்தக் கட்டுரைகளில் திரை எந்தப் பக்கம் மாட்டியிருந்தது என்று யாரும் கேட்கவில்லை. நிரோஜினி பெட்டி கட்டிக்கொண்டு மாங்கேணிக்குப் போய், வாகரைப் பக்கம் பிள்ளைகளுக்கு உயர்தர உயிரியல் வகுப்பு எடுத்தாள். நான் பஸ்சுக்குக் கொண்டுபோய் விட்டேன்.

அந்த மூன்று கட்டுரைத் தம்பி ஒரு வருடம்கூட நிற்கவில்லை. அவுஸ்திரேலியாவில் இடம் கிடைத்ததும் மேசையைக்கூட ஒதுக்காமல் பறந்துவிட்டார். பதவி மறுபடி விளம்பரத்துக்கு வந்தது. நான் வாகரைக்குப் போய் நிரோஜினியை விண்ணப்பிக்க வைத்தேன். திட்டித்தான் வைத்தேன். மறுபடியும் அதே மேசை, அதே கதிரைகள், பேராசிரியர், நான். இந்த முறை உபவேந்தரே தலைமை. கட்டுரை இப்போதும் இல்லை.

அவள் வெளியே போனதும் உபவேந்தர் பேராசிரியரைப் பார்த்து, "உங்கட ஆள்தானே. எப்பிடி?" என்று கேட்டார்.

பேராசிரியருக்கு அந்த ஆய்வரங்குக் காயம் இன்னும் ஆறவில்லை. மனதில் கிடந்ததைக் கொட்டிவிட்டார். "உள்ளதச் சொல்லுறன் சேர். இந்தப் புள்ள வந்தா எங்கட திணைக்களத்தில கட்டுரை குறையும். எழுதி முடிச்சு அனுப்பப்போற நேரம் வந்து, இது பிழை எண்டு நிப்பா. பேராசிரியர் எண்டும் பாக்கமாட்டா."

உபவேந்தர் பேனாவைத் திறந்தார். "அப்பிடி ஒராள் எங்களிட்ட இல்லத்தான்," என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். பேராசிரியர் வாயைத் திறந்தபடி இருந்தார். நான் குனிந்து என் செருப்பைச் சரிசெய்துகொண்டேன், சிரிப்பை மறைக்க வேறு வழி இருக்கவில்லை.

இன்றைக்கு நிரோஜினி உங்கள் விரிவுரையாளர். உங்கள் எலிகளில் நீங்கள் காணாததை அவள் காண்பாள். திட்டமாட்டாள், நின்று பார்ப்பாள், அது திட்டைவிட மோசம். பேராசிரியரும் ஓய்வுபெற்றுவிட்டார். திணைக்களத்தில் தேநீர் என்றால் தவறாமல் வருவார், வந்தால் இந்தக் கதையைச் சொல்வார். நீச்சல் பாதையைப் பார்த்து முதலில் சந்தேகப்பட்டது அவராம். மறுபடி எலியை இறக்கச் சொன்னதும் அவராம். உபவேந்தரிடம் வாதாடி நிரோஜினிக்கு வேலை எடுத்துக்கொடுத்ததும் அவரேதானாம். சொல்லும்போது அவருக்குக் கண் கலங்கும். நடிப்பில்லை; மனிதருக்கு அப்படித்தான் நினைவு இருக்கிறது. நிரோஜினி பக்கத்தில் நின்று "ஓம் சேர்" என்று தலையாட்டி, அவருக்கு இன்னொரு கோப்பை தேநீர் ஊற்றுவாள்.

குழுவில் அவர் உண்மையில் என்ன சொன்னார் என்று அன்றைக்கே நான் அவளுக்குச் சொல்லிவிட்டேன். சொல்லுக்குச் சொல் அவளுக்குத் தெரியும். ஒருநாள் எனக்குப் பொறுக்கவில்லை. அவர் போனபின் அவளைப் பிடித்துக்கொண்டேன்.

"ஏன் புள்ள, ஒரு எலிட ஞாபகத்தப் பிழையா எழுத விடாம உன்ட வேலையவே விட்டவள் நீ. அந்த மனுசன் உன்ட முகத்துக்கு முன்னாலயே பிழையாச் சொல்லுறார், நீ தலையாட்டிக்கொண்டு நிக்கிற?"

நிரோஜினி கோப்பைகளை அடுக்கிக்கொண்டே சொன்னாள்.

"அது கட்டுரையா வரப்போறதில்லதானே மெடம்."